அப்பா இறந்த பிறகு வீடு, பேங்க், பி.எஃப்.: எதில் வேகம் வேண்டும், எதில் பொறுமை வேண்டும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அப்பா 56 வயதில் மாரடைப்பால் இறந்து ஆறு வாரம் ஆகிறது. உயில் எதுவும் இல்லை. வில்லிவாக்கத்தில் லோன் போட்டு வாங்கிய ஃபிளாட் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது, லோன் இன்னும் முடியவில்லை. அம்மாவுக்கு 54 வயது, வேலைக்குப் போனதில்லை. அண்ணன் சிங்கப்பூரில், அக்கா கல்யாணமாகி செங்கல்பட்டில், நீங்கள் அம்மாவோடு. பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, திருவண்ணாமலைப் பக்கம் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். பேங்க் கணக்குக்கு அண்ணன்தான் நாமினி. அண்ணன் லீவு முடிந்து கிளம்புவதற்குள் அம்மாவிடமும் அக்காவிடமும், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் ரிலீஸ் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, வீட்டை அண்ணன் தம்பி பெயருக்கு மாற்றிவிடச் சொல்கிறார் சித்தப்பா. "செய்துவிடலாமா?" என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம் தம்பி. இப்போது வேண்டாம்.

பேங்கில் இறந்தவர்களின் கணக்கை முடித்துக் கொடுக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு மரணத்துக்குப் பிறகு வரும் வேலைகள் இரண்டு வகை. குடும்பத்துக்கு வரவேண்டிய பணத்துக்கு மனு கொடுப்பது ஒன்று. அதைத் தள்ளிப்போட்டால் நஷ்டம். சொத்தை யார் பெயருக்கு மாற்றுவது என்பது இன்னொன்று. அதில் அவசரப்பட்டால்தான் நஷ்டம். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கருமாதி முடிந்த கையோடு வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். பி.எஃப். ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டிய படிவம் ஆறு மாதம் ஆகியும் பீரோவில் கிடக்கிறது.

வீட்டைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொண்டால் பாதி பதற்றம் போய்விடும். அப்பா இறந்த அந்த நிமிஷமே வாரிசுகளுக்கு உரிமை வந்துவிட்டது. பத்திரம் பதிந்தால்தான் வரும் என்பதில்லை. இத்தனை நாளுக்குள் பெயர் மாற்றாவிட்டால் வீடு போய்விடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அண்ணனின் விமான டிக்கெட் தேதிக்காக அம்மா கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை.

சரி, முதலில் பேப்பர்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அவர்களே மாநகராட்சிக்குத் தெரிவித்திருப்பார்கள். வீட்டில் இறந்திருந்தால் நீங்கள் தெரிவித்திருக்க வேண்டும். சான்றிதழைச் சென்னை மாநகராட்சியின் இணையதளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். இறக்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவின் ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக், பி.எஃப். விவரம், வீட்டுப் பத்திரத்தின் நகல், இறப்புச் சான்றிதழ் ஆறையும் மேசையில் வரிசையாக வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், இன்னொன்றில் தாத்தா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும். கிளெயிம் நின்றுபோவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். இறப்புச் சான்றிதழில் தப்பு இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் திருத்துங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் வரும். சின்ன வித்தியாசங்களுக்கு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும் என்று பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள்.

அடுத்தது வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் மனு போட வேண்டும், கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ.வும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்.ஐ.யும் (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகு தாசில்தார் வழங்குவார். உங்கள் கேள்வியைப் படித்தபோது என்னை நிறுத்திய இடமும் இதுதான். வாரிசுகள் என்று அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள் என நால்வரை எழுதியிருக்கிறீர்கள். பாட்டியை விட்டுவிட்டீர்கள்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் எல்லோரும் அந்த முதல் வகுப்பில் வருகிறார்கள். தகப்பன் அதில் வரமாட்டார், தாய் வருவார். ஆக உங்கள் வீட்டில் வாரிசு ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாட்டி ஊரில் இருப்பதும், மகன் வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆனதும் இதை மாற்றாது. அவர் பெயரை விட்டுவிட்டு உறுதிமொழி கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. பின்னால் யாராவது ஆட்சேபம் கிளப்பினால் சான்றிதழையே ரத்து செய்ய முடியும், அதை வைத்து வாங்கிய பணமும் பதிந்த பத்திரமும் கேள்விக்குள்ளாகும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பாட்டி தன் பங்கைப் பற்றி எதுவும் எழுதி வைக்காமல் காலமானால், அந்த ஐந்தில் ஒன்று அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியும். சித்தப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைகள் இருந்தால் அவர்களுக்கு ஒரு பாகம், உங்கள் அப்பாவின் பாகம் உங்கள் மூவருக்கும். உங்கள் அம்மாவுக்கு அதில் எதுவும் இல்லை. நாளைக்கு வில்லிவாக்கம் ஃபிளாட்டை விற்கப் போனால் சித்தப்பா, அத்தைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். சித்தப்பா உள்நோக்கத்தோடு சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. அவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். ஆனால் வீட்டைப் பற்றிய எந்தப் பேச்சும் பாட்டியை வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

அதற்காக ஊருக்குப் போய் பாட்டியின் கைநாட்டை வாங்கிக்கொண்டு வருவதும் தப்புதான். மகனைப் பறிகொடுத்த தாய் அவர். அந்தப் பங்கு சட்டம் அவருக்குக் கொடுத்தது. அவருக்கு மருந்துச் செலவு, பராமரிப்பு என்று என்ன தேவை என்று கேளுங்கள். மாதம் ஒரு தொகை அனுப்புவதா, பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை அவர் பெயரில் போட்டு வைப்பதா என்று பேசுங்கள். அதன் பிறகு மனமுவந்து வீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்தால் அவருக்குப் படித்துக் காட்டி, புரிந்த பிறகு பதிவு செய்யுங்கள்.

அக்கா விஷயத்துக்கும் அதே நியாயம்தான். "கல்யாணத்தில் நகை போட்டுச் செய்தாச்சே" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். கல்யாணத்தில் செய்தது பங்கில் கழியாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா என்ற வழக்குகள்தான் நெடுங்காலம் ஓடின. தமிழ்நாடு 1989இல் கல்யாணமாகாத மகள்களுக்குக் கொடுத்தது, 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது, 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உங்கள் வீட்டுக்கு அந்த வாதமே தேவையில்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய ஃபிளாட்டில் மகளின் சம பங்கு 1956 முதலே இருக்கிறது. (இதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. முஸ்லிம்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளைப் போல் மகனுக்கு இரு மடங்கு. கணக்கே வேறு.)

நாமினி பற்றி. அண்ணன் நாமினி என்பதால் பேங்க் பணம் அண்ணனுடையது என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. பணத்தை வாங்கிக்கொள்ளும் அதிகாரம்தான் நாமினிக்கு உண்டு. வாங்கிய பணம் வாரிசுகள் எல்லோருக்கும் சொந்தம். இன்ஷூரன்ஸ் விஷயத்தில் 1984இலும், பங்குப் பத்திரங்கள் விஷயத்தில் 2023இலும் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015இல் சட்டம் மாறியது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் ஒருவர் நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவருக்கே சொந்தம். ஆகவே எல்.ஐ.சி. பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள்.

நாமினி இருக்கும் கணக்கில் பேங்க் வாரிசு சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது. இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று, கிளெயிம் படிவம் இவை போதும். பேப்பர் முழுதாகக் கொடுத்த 15 நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கொடுத்ததற்குத் தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் முதலில் அந்த பேங்குக்கே எழுத்தில் புகார், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனுக்கு. அதற்குக் கட்டணம் இல்லை. அண்ணன் வெளிநாட்டில் இருப்பவர் என்பதால் பணம் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) வரும். அந்தக் கணக்கு இல்லையென்றால் கிளம்புவதற்கு முன்னால் திறந்துவிடச் சொல்லுங்கள். அண்ணன் இங்கே இருக்கும்போது முடிக்க வேண்டிய அவசர வேலை இதுதான், ரிலீஸ் பத்திரம் அல்ல. பணம் வந்ததும் அவர் அதை அம்மா கணக்குக்கு மாற்றிவிட, மற்றவர்கள் சம்மதித்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ஏ.டி.எம். கார்டையோ, போனில் வரும் ஓ.டி.பி.யையோ வைத்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்காதீர்கள். காரியச் செலவுக்கு எடுத்தோம் என்றாலும், இறந்த தேதிக்குப் பிறகு எடுத்த பணம் என்று ஸ்டேட்மெண்டில் தெரியும். பின்னால் வாரிசுகளுக்குள் பேச்சு வளர அதுவே போதும். அதேசமயம் அப்பாவின் செல்போன் நம்பரை உடனே விட்டுவிடவும் வேண்டாம், ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அம்மாவின் ஆதார், கேஸ் இணைப்பு, அம்மாவின் பேங்க் கணக்கு எல்லாம் பெரும்பாலும் அப்பாவின் நம்பரில்தான் இருக்கும். முதலில் அம்மா பெயரில் ஒரு சிம், பிறகு அம்மாவின் ஆதாரில் அந்த நம்பர், பிறகு அம்மா பெயரில் பான் கார்டு, தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, இந்த வரிசையில் செய்யுங்கள். இது இல்லாமல் பி.எஃப். பென்ஷன் நகராது.

பி.எஃப். பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பெரிய பணம் இங்கேதான் இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே அப்பா இறந்திருப்பதால் மூன்று மனு உண்டு. சேர்ந்திருக்கும் பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20. அம்மாவின் மாதாந்திர விதவை பென்ஷனுக்கு 10டி. மூன்றாவது, பலர் கேள்விப்படாத இ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு, அதற்கு 5ஐஎஃப். அப்பா தனியாக எந்தப் பிரீமியமும் கட்டியிருக்க மாட்டார், கம்பெனிதான் கட்டும். சம்பளத்தையும் பி.எஃப். இருப்பையும் பொறுத்து அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும். கம்பெனி எச்.ஆர். ஆட்கள் முதல் இரண்டு படிவத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவதுண்டு. மூன்றாவதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பி.எஃப்.-இல் நாமினி இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகும்? அங்கே வாரிசுரிமைச் சட்டக் கணக்கு செல்லாது, திட்டத்துக்கென்றே தனி விதி இருக்கிறது. வயது வந்த மகன்களுக்கும், கணவர் உயிரோடு இருக்கும் மகளுக்கும் பங்கு இல்லை. அம்மாவுக்கும், அப்பாவைச் சார்ந்து வாழ்ந்திருந்தால் பாட்டிக்கும்தான். நல்ல விதி இது. வேலைக்குப் போகாத மனைவிக்காகவே எழுதி வைத்தது போலிருக்கிறது.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கம்பெனியிடமிருந்து வரும். ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனை வேலையில் இருக்கும்போது இறந்தவருக்குக் கிடையாது. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கினால் தொகை வரும், உச்சவரம்பு 20 லட்சம். கம்பெனியில் குரூப் இன்ஷூரன்ஸ், எடுக்காத லீவுக்கான பணம், கூட்டுறவு சங்கத்தில் சேமிப்பு ஏதாவது உண்டா என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுத்தில் கேளுங்கள். கேன்டீனில் விசாரிப்பது போதாது.

இன்று ராத்திரி செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறேன். அப்பாவின் பாஸ்புக்கை எடுத்து வையுங்கள். சிலருடைய பாஸ்புக்கில் மே கடைசியிலோ ஜூன் முதலிலோ 436 ரூபாய் கழிந்திருக்கும். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான பிரீமியம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் உண்டு, ஆனால் 55 வயது வரைதான். 56 வயதில் இறந்த உங்கள் அப்பாவுக்கு அது வராது, அந்த வயதுக்குள் இறந்தவர்களின் குடும்பங்கள் தேடிப் பார்க்க வேண்டும். 20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, மாரடைப்புக்கு வராது. கணக்கு தொடங்கும்போதோ லோன் வாங்கும்போதோ பேங்கில் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் எத்தனையோ குடும்பங்கள் 2 லட்சத்தை விட்டிருக்கின்றன. அதே பாஸ்புக்கிலும் ஸ்டேட்மெண்டிலும் மூன்று வருஷம் பின்னோக்கிப் போய், வருஷத்துக்கு ஒரு முறை கழியும் தொகை, மாதம் தவறாமல் போகும் தொகை எல்லாவற்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். எல்.ஐ.சி. பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், சீட்டு, யாருக்கோ கட்டிய வட்டி எல்லாம் அதில் வெளிவரும்.

வீட்டு லோனுக்கு வருகிறேன். இ.எம்.ஐ. அப்பாவின் கணக்கிலிருந்துதானே போகிறது? இறந்த செய்தி தெரிந்ததும் பேங்க் அந்தக் கணக்கை நிறுத்திவிடும், அடுத்த இ.எம்.ஐ. திரும்பிவிடும், அபராதம் ஏறும். ஆகவே லோன் பிரிவுக்கும் கையோடு கடிதம் கொடுத்து, வேறு கணக்கிலிருந்து கட்ட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அப்படியே லோன் அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுங்கள். லோன் தொகையோடு ஒரு இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்திருந்தால் மீதிக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும், பாலிசி விதிகளுக்கு உட்பட்டு. அங்கே நீங்களாகக் கேட்காமல் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

கடன் பற்றிய பயத்துக்கும் ஒரு பதில். அப்பாவின் கடனுக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் நீங்கள் பொறுப்பு. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாத வரை உங்கள் சம்பளத்திலிருந்தோ அம்மாவின் நகையிலிருந்தோ யாரும் கேட்க முடியாது. கிரெடிட் கார்டு வசூல்காரர்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சத்தம் போட்டால் இதைச் சொல்லி, எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். அதற்காக அப்பாவின் கடனை மறைக்கச் சொல்லவில்லை. வந்த பணத்தில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இனி அந்த ரிலீஸ் பத்திரம். நடைமுறையில் இன்னொரு தடையும் இருக்கிறது. லோன் முடியும் வரை மூலப் பத்திரம் பேங்கில் அடமானத்தில் இருக்கிறது. பேங்கைக் கேட்காமல் பெயர் மாற்றம் செய்வது சரியாக வராது. அது போகட்டும், அடிப்படையான விஷயத்துக்கு வருவோம். ரிலீஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிந்த பிறகு அம்மாவுக்கு அந்த வீட்டில் சட்டப்படி எதுவும் மிச்சம் இல்லை. நினைத்தால் திரும்ப வாங்கவும் முடியாது. நீங்களும் அண்ணனும் தங்கமான பிள்ளைகளாகவே இருங்கள். நாளைக்கு உங்களுக்குக் கல்யாணம் ஆகும், தொழில் நஷ்டம் வரலாம், அண்ணன் வாங்கிய கடனுக்கு அவர் பாதியை ஜப்தி செய்ய வரலாம். அப்போது அம்மா தன் சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவரைவிடக் கீழே போய்விடுவார். வாடகைக்கு இருப்பவருக்காவது ஓர் ஒப்பந்தம் இருக்கும்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007 இருக்கிறதே என்று கேட்பீர்கள். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் பார்க்காமல் விட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய அதன் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் அது 60 வயது நிரம்பியவர்களுக்கு. உங்கள் அம்மாவுக்கு 54. இன்றைக்கு அவர் எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

என் யோசனை இது. குறைந்தது ஒரு வருஷம் வீட்டை அப்படியே விடுங்கள். ஐந்து பேரின் கூட்டுச் சொத்தாக இருக்கட்டும், அதற்குப் பத்திரம் எதுவும் வேண்டாம். மாநகராட்சியில் சொத்து வரி, குடிநீர் வாரியம், மின் இணைப்பு மூன்றையும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு அம்மா பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த ரசீதுகள் உரிமைப் பத்திரம் ஆகாது, ஆனால் நடைமுறைக்குத் தேவை. லோன் முடிந்து பத்திரம் கைக்கு வந்த பிறகு, பிள்ளைகள் மூவரும், பாட்டி சம்மதித்தால் அவரும், தங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கலாம். அதாவது சித்தப்பா சொன்ன பத்திரமேதான், திசை மட்டும் எதிர்ப்பக்கம். அம்மா உயிரோடு இருக்கும் வரை வீடு அவர் கையில். பிறகு யாருக்கு எவ்வளவு என்று அவரே உயில் எழுதட்டும். அம்மா பெயருக்கே முழுதாக வேண்டாம் என்று நினைத்தால், அம்மாவின் ஆயுள் வரை அனுபவ உரிமை என்ற வாசகத்தைத் தெளிவாகச் சேர்த்து எழுதலாம்.

செலவைப் பற்றி: குடும்பத்துக்குள் எழுதும் ரிலீஸ், செட்டில்மெண்ட் (தானமாக எழுதிக் கொடுப்பது), பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய தொகை இது. வெளியாளுக்கு விற்றால் ஆகும் 9 சதவீதத்தோடு ஒப்பிட்டால் சின்னத் தொகைதான். மாமியார் மருமகளுக்கு எழுதுவது போன்ற உறவுகளில், குடும்பம் என்ற வரையறைக்குள் வருகிறதா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரம் எழுதுபவரிடம் போவதற்கு முன்னால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், காசு இல்லாமலே பார்க்கலாம். அப்பா அடமானம் வைத்தது, நிலத்தில் ஃபிளாட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு (யு.டி.எஸ்.) எவ்வளவு என்பது எல்லாம் அதில் இருக்கும்.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒவ்வொரு முறையும் வர வேண்டியதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி உங்களுக்கோ அக்காவுக்கோ, அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்பலாம். பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். எந்த வேலைக்கு என்று குறிப்பிட்ட பவராக எழுதுங்கள், எல்லா அதிகாரமும் கொடுக்கும் பொதுப் பவர் வேண்டாம்.

வரி விஷயம் கொஞ்சம்தான். வாரிசாக வந்த சொத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது. இறந்தவர் சொத்துக்கு முன்பு இருந்த எஸ்டேட் டியூட்டி என்ற வரியை 1985இலேயே எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 1 முதல் அப்பா இறந்த தேதி வரையிலான வருமானத்துக்கு அவர் பெயரில் ரிட்டர்ன் போட வேண்டும். வருமான வரி இணையதளத்தில் வாரிசு ஒருவர் பிரதிநிதியாகப் பதிந்துகொண்டு போடலாம். கம்பெனி சம்பளத்தில் பிடித்த வரி (டி.டி.எஸ்.) திரும்ப வருவதும் அதன் மூலம்தான், ஆகவே ரீஃபண்ட் வரும் வரை பான் கார்டை ஒப்படைக்காதீர்கள். அம்மாவின் குடும்ப பென்ஷனில் மூன்றில் ஒரு பங்குக்கு வரி விலக்கு உண்டு, உச்சவரம்பு புதிய வருமான வரி முறையில் 25,000. என்றாவது வீட்டை விற்றால் அப்பா வாங்கிய விலையும் அவர் வாங்கிய தேதியும்தான் கணக்குக்கு வரும், அந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அப்பாவின் பைக்குக்கு மட்டும் கெடு உண்டு. 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற மனு போட வேண்டும். உங்களுக்கு முதல் கெடு தாண்டிவிட்டது, இந்த வாரமே போய்வாருங்கள். ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் அப்பா பெயரிலேயே இருக்க, நீங்கள் ஓட்டி விபத்து நடந்தால் பெரிய தலைவலி.

அம்மாவுக்கு வரும் பணம். பி.எஃப்., இ.டி.எல்.ஐ., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்தால் அவர் வாழ்நாளில் பார்த்திராத தொகையாக இருக்கும். வந்த வாரமே சொந்தக்காரர் ஒருவர் பாலிசியோடு வருவார், இன்னொருவர் மனை லேஅவுட் நோட்டீஸோடு வருவார், பேங்கிலேயே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பத்து வருஷத் திட்டம் ஒன்றை விற்கப் பார்ப்பார். ஆறு மாதம் எதிலும் கையெழுத்து வேண்டாம். இரண்டு மூன்று பேங்கில் பிரித்து எஃப்.டி. போடுங்கள், ஒரு பேங்கில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு அவருக்கு இன்னும் வயதாகவில்லை, தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் தனிப் பெயரில் 9 லட்சம் வரை போடலாம். 2025 நவம்பர் முதல் ஒரு பேங்க் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், சதவீதமும் குறிப்பிடலாம். மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், ஒருவர் பெயரை மட்டும் எழுதியதால் வந்த மனக்கசப்பு அடுத்த தலைமுறைக்கும் வர வேண்டாம்.

அம்மா உயில் எழுதும்போது முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உயிலால் பலன் பெறுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை நகரச் சொத்து என்றால் ஹைகோர்ட்டில் புரோபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) வாங்கியே ஆக வேண்டும் என்று நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. பழைய பத்திர எழுத்தர்கள் இன்னமும் பழைய கதையைச் சொல்லக்கூடும்.

வக்கீலைப் பார்க்கக் காசு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டின் சட்டப்படி. ஹைகோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். மனுதாரராக அம்மாவே போகட்டும், நீங்கள் துணைக்குப் போங்கள். வக்கீல் பேசும்போது ஒரு கால் மணி நேரம் நீங்கள் வெளியே இருங்கள், பிள்ளை எதிரில் கேட்க முடியாத கேள்வி அம்மாவுக்கு இருக்கலாம். போகும்போது இறப்புச் சான்றிதழ், லோன் அனுமதிக் கடிதம், ஃபிளாட் பத்திரத்தின் நகல், பாட்டியின் ஆதார் நகல் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். சித்தப்பா ஏற்கெனவே ஏதாவது தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் அதன் நகலையும்.